சிட்னி வீதிச் சுற்றிவளைப்பில் சேர்ச்சில்: வேடிக்கை பார்க்க வந்தவரா, கட்டளையிட்டவரா?

1911 ஜனவரி 3, செவ்வாய்க்கிழமை. கிழக்கு லண்டனில் ஒரு கட்டடத்தின் மூலை. உயரமான கறுப்புத் தொப்பி, கழுத்துப்பட்டியில் சுருள்மயிர்த் தோல் வைத்துத் தைத்த கனத்த மேலங்கி. அதை அணிந்தவர் சுவரோடு ஒட்டி நின்று, தலையை மட்டும் நீட்டி வீதியை எட்டிப் பார்க்கிறார். அவருக்கு முன்னால் துவக்கோடு பொலிசார். அவர்தான் பிரித்தானியாவின் உள்துறை அமைச்சர், 36 வயது வின்ஸ்டன் சேர்ச்சில். சேர்ச்சிலைப் பற்றி எங்கே எழுதினாலும் இந்தப் படம் வந்துவிடும். படம் வருகிற அளவுக்கு அன்று நடந்தது என்ன என்ற விபரம் வருவதில்லை. தொப்பியைச் சன்னம் துளைத்துப் போனது என்ற கதையைச் சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விடுவார்கள். அந்தத் தொப்பிக் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரு கட்டளைக்கோ அவரே சான்று தருகிறார்.

எங்கள் பக்கத்தில் உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிற பிள்ளைகள் அமைச்சரின் பொறுப்பு என்ற பாடத்தை வரைவிலக்கணமாகப் பாடமாக்கிவிட்டுப் போகிறார்கள். கொள்கை வகுப்பது அமைச்சர், களத்தில் நிறைவேற்றுவது அதிகாரி என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வரி எந்த இடத்தில் அறுந்து போகிறது என்று பார்க்கச் சிட்னி வீதியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதனால்தான் இதை மணிக்கணக்கோடு எழுதுகிறேன்.

கதை அதற்கு 18 நாள் முன்பே தொடங்கிவிட்டது. 1910 டிசம்பர் 16, வெள்ளி இரவு. லண்டனின் பழைய மையப் பகுதியான சிற்றியின் ஓரத்தில் ஹவுண்ட்ஸ்டிச் என்ற வீதி. 119ஆம் இலக்கத்தில் ஹரிஸ் என்பவரின் நகைக்கடை. அதற்குப் பின்பக்கம் எக்ஸ்சேஞ்ச் பில்டிங்ஸ் என்ற முட்டு ஒழுங்கை. லாத்வியாவில் இருந்து வந்த புரட்சிக்காரக் கூட்டம் ஒன்று அந்த ஒழுங்கையில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, பின்சுவரை உடைத்துக் கடைக்குள் இறங்கத் திட்டம் போட்டிருந்தது. கொண்டுவந்த சாமானைப் பார்த்தால் அனுபவமுள்ளவர்கள் என்று தெரியும்: ஏறக்குறைய 19 மீற்றர் றப்பர் வாயுக் குழாய், அழுத்திய வாயு அடைத்த சிலிண்டர், வைர முனை வைத்த துளைகருவிகள். ஆனால் யூதர்கள் நிறைந்த அந்தப் பகுதியில் வெள்ளி பொழுதுபட்டால் ஓய்வுநாள்; கடையெல்லாம் பூட்டித் தெரு அடங்கிவிடும். சுவர் உடைக்கிற சத்தம் அயல் வீட்டுக்காரருக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் பொலிசிடம் போனார்.

பொலிஸ் பிழைவிட்டது இங்கேதான். முதலில் வந்த கான்ஸ்டபிள் சந்தேகம் வராதபடி ஒரு கதவைத் தட்டிப் பேசிவிட்டு, உதவிக்கு ஆள் கூட்டிவரப் போனார். பிறகு வந்த சார்ஜன்ட் பென்ற்லிக்கு அந்தக் கதவு ஏற்கெனவே தட்டப்பட்டது தெரியாது. அவர் இன்னொரு தரம் தட்டினார். உள்ளே இருந்தவர்களுக்கு விசயம் விளங்கிவிட்டது. வந்திருந்த பொலிசார் ஒருவரிடமும் துவக்கு இல்லை, குறுந்தடியும் விசிலும்தான். சில நிமிடத்துக்குள் சார்ஜன்ட் பென்ற்லி, சார்ஜன்ட் ரக்கர், கான்ஸ்டபிள் சோற் ஆகிய மூவருக்கும் உயிர்போகும் காயம். இன்னும் இருவருக்குக் கடும் காயம். சோற், கூட்டத்தின் தலைவன் கார்ட்ஸ்டைனைப் பிடித்த பிடி விடவே இல்லை. பல தடவை சுட்ட பிறகுதான் விழுந்தார். அந்த இழுபறியில் சொந்தக் கூட்டாளியின் சன்னமே கார்ட்ஸ்டைனின் முதுகில் பாய்ந்தது. மறுநாள் அவனும் செத்தான்.

1911 புதுவருட நாளில் ஒருவர் தகவல் கொடுத்தார். கூட்டத்தில் இருவர், பிரிற்ஸ் ஸ்வார்ஸும் சோகோலோவும், ஸ்ரெப்னியில் சிட்னி வீதி 100ஆம் இலக்க வீட்டில் ஒளித்திருக்கிறார்கள் என்று. சுற்றிவளைப்பு என்ற சொல்லுக்கு எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஜனவரி 3 நள்ளிரவு கழிய ஏறக்குறைய 200 பொலிசார் அந்தப் பகுதியை வளைத்தார்கள். நேர் எதிர்வீடான 111இலும் ஆயுதத்தோடு ஆட்களை வைத்தார்கள். பிறகு அந்தக் கட்டடத் தொகுதியில் இருந்த குடும்பங்களைச் சத்தமில்லாமல் ஒன்றொன்றாக வெளியே எடுத்தார்கள். இருவருக்கும் இடம் கொடுத்திருந்த பெண் போய்விடக் கூடாது என்று அவளுடைய பாவாடையையும் சப்பாத்தையும் அந்த இருவரும் எடுத்து வைத்திருந்தார்கள். அவளையும் ஏதோ சாட்டுச் சொல்லிப் பொலிசார் கீழே வரப் பண்ணிவிட்டார்கள். அதோடு வீட்டில் மிஞ்சியது தேடப்பட்ட இருவரும் மட்டுமே. அன்றைய நாளிலேயே திறமாக நடந்த வேலை இதுதான். பொதுசனத்தில் ஒருவருக்கும் கீறல் விழாமல் வீடு வெறுமையானது.

உள்ளே ஏறிப் பிடிக்காமல் ஏன் விடியுமட்டும் இருந்தார்கள் என்று கேட்கலாம். வீட்டின் அமைப்பு ஒரு காரணம். மாடிக்குப் போவது ஒடுங்கிய, வளைந்து ஏறுகிற படிக்கட்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். மேலே இருப்பவன் பார்க்காமலே சுட்டாலும் படும். மற்றது சட்டம். தம்மை நோக்கிச் சுடாதவனைப் பொலிசார் முதலில் சுட முடியாது. ஆக, எதிரி சுடுமட்டும் பார்த்திருக்க வேண்டிய படை, எதிரி சுட்டால் தப்ப முடியாத படிக்கட்டு. ஹவுண்ட்ஸ்டிச்சில் மூன்று பேரைப் பறிகொடுத்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. பொறுத்திருந்ததை நான் பிழை என்று சொல்லமாட்டேன்.

காலை 7.30 அளவில் சிறுகற்களை யன்னலுக்கு எறிந்து எழுப்பிப் பார்த்தார்கள். பதிலாகச் சூடு வந்தது. சார்ஜன்ட் லீசன் நெஞ்சில் காயப்பட்டார். அவரைக் கூரைவழியாகக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

பொலிசின் கையில் என்ன இருந்தது என்பதுதான் அடுத்த சிக்கல். குறுங்குழல் வெப்லி றிவோல்வர்கள், சில வேட்டைத் துவக்குகள், உள்ளரங்கில் குறிபார்த்துப் பழகுவதற்காக .22 குழாய் செருகப்பட்ட ரைபிள்கள். வீதியின் ஒரு கரையில் இருந்து மறுகரையில் இரண்டாம் மாடி யன்னலுக்குள் மறைந்து நிற்பவனைச் சுட இவை ஒன்றும் உதவாது. வேட்டைத் துவக்கின் சன்னம் பரந்து போய்ச் சுவரில் தெறிக்கும். .22 ரவைக்குச் செங்கல்லை உடைக்கிற வலு இல்லை. மறுபக்கத்தில் இருந்தது ஜேர்மனியின் மோசர் சி96. 7.63 மில்லிமீற்றர் ரவை, பத்து ரவைகளைத் தகட்டோடு ஒரே அழுத்தில் ஏற்றலாம், மர உறையையே பின்கட்டையாகப் பூட்டித் தோளில் வைத்துச் சுடலாம். பேருக்குத்தான் கைத்துப்பாக்கி. உள்ளே ரவைக்கும் குறைவில்லை. 200 பேர் வளைத்து நின்றும் இரண்டு பேர்தான் வீதியை ஆண்டார்கள்.

ஆகவே பொலிஸ் இராணுவத்தைக் கேட்டது. லண்டன் கோபுரத்தில் ஸ்கொட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு இருந்தது. சிட்னி வீதிக்கு அங்கிருந்து கிட்டடி. அனுமதி கேட்ட தொலைபேசி வந்தபோது சேர்ச்சில் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தார். துவாயைச் சுற்றிக்கொண்டு ஈரத்தோடு வந்து பேசி அனுமதி கொடுத்தார். 21 குறிசுடுநர்கள் முன்வந்து போனார்கள். அவர்களிடம் இருந்தது .303 லீ-என்பீல்ட். சிலர் எதிர்க்கட்டடங்களின் மேல்மாடியில் ஏறினார்கள். சிலர் பத்திரிகை விற்பவர்களின் விளம்பரப் பலகைகளை நடுவீதியில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துச் சுட்டார்கள். ஈரத் தெருவில் அங்கி நனையாமல் இருக்கக் கைக்கு எட்டியது அதுதான். படங்களில் இன்றும் பார்க்கலாம்.

இதுவரையில் அமைச்சர் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொலிஸ் கேட்டது, அவர் அனுமதித்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 1910 நவம்பரில், தென் வேல்சில் தொனிபண்டிச் சுரங்கத் தொழிலாளர் குழப்பத்தில் இராணுவத்தை முதலில் மறித்து வைத்துவிட்டு லண்டன் பொலிசை அனுப்பியவரும் இவர்தான். பொலிசுக்கும் இராணுவத்துக்கும் இடையிலான கோடு தெரியாத ஆள் இல்லை.

அனுமதி கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. உள்துறை அலுவலகத்துக்குப் போனார். அங்கே புதிய தகவல் ஒன்றும் இல்லை. நேரே சிட்னி வீதிக்கு வந்துவிட்டார். வந்து சேர்ந்தது 11.50 மணிக்கு. வேடிக்கை பார்க்கக் கூடிநின்ற சனம் அவரைக் கண்டதும் “இவங்களை உள்ளே விட்டது ஆர்?” என்று கத்தியது. அந்தக் கூச்சலுக்கு ஒரு பின்னணி உண்டு. ரஷ்யப் பேரரசில் இருந்து ஓடிவந்த யூதர்களும் லாத்வியரும் கிழக்கு லண்டனை நிறைத்த காலம் அது. 1905 வெளிநாட்டவர் சட்டம் வந்ததே அவர்களை மட்டுப்படுத்தத்தான். 1904இல் அதற்கு முன்னோடியாக வந்த சட்டமூலத்தை எதிர்த்தவர் சேர்ச்சில். ஈஸ்ற்ஹாமிலும் இல்போர்ட்டிலும் சொந்தக்காரர் இருக்கிற எங்கள் வாசகர்களுக்கு அந்தக் கூச்சலின் தொனி பழக்கமானது. ஆள்தான் மாறும், கேள்வி மாறாது.

12 மணியில் இருந்து அரை மணி நேரம் சூடு உச்சத்தில் இருந்தது. இந்த நேரத்தில் சேர்ச்சில் என்ன செய்தார்? அவர் பிறகு எழுதியதையே எடுத்துக்கொள்வோம். படிக்கட்டால் ஏறித் தாக்குவது பற்றிய பேச்சில் அவரும் கலந்துகொண்டார். முன்னால் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு ஏற இரும்புத் தகடு கிடைக்குமா என்று அயலில் இருந்த வார்ப்பாலைகளில் தேடச் சொன்னார். யோசனை கெட்டதில்லை. ஆனால் தகடு தேடுவது ஓர் உள்துறை அமைச்சரின் வேலையா? தளபதிக்குப் பக்கத்தில் நிற்கிற இளம் அதிகாரியின் வேலை அது. குதிரைப்படையிலும் போர்க்களத்திலும் பழகிய உடம்பு சூட்டுச் சத்தத்தைக் கேட்டு முன்னுக்குப் போய்விட்டது.

12.50 அளவில் புகைபோக்கியிலும் இரண்டாம் மாடி யன்னலிலும் புகை தெரிந்தது. வாயுக் குழாயில் சன்னம் பட்டதே காரணம் என்பது பலர் தருகிற விளக்கம். தீ மேல்மாடியில் இருந்து கீழே பிடித்து வந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கிக்கொண்டே சுட்டார்கள். சோகோலோவ் ஒரு கட்டத்தில் யன்னலால் தலையை நீட்டினான். ஒரு சிப்பாயின் ரவை அவனை விழுத்தியது.

தீயணைப்புப் படை வந்து நின்றது. தீ என்றால் அணைப்பது அவர்களின் சட்டக் கடமை. அணைக்க வந்தவரை மறிக்கப் பொலிசுக்கு உரிமை இல்லை என்பது அவர்களின் வாதம். பொலிஸ் அதிகாரியோ, சூடு நடக்கிற வாசலுக்குக் குழாயோடு ஆளை விடமாட்டேன் என்று நின்றார். வாக்குவாதம் சூடேறியது. இரண்டு பேருமே தங்கள் கடமையில் சரி. பக்கத்தில் அமைச்சர் நிற்காவிட்டால் பொலிஸ் தலைமை அதைத் தீர்த்திருக்கும். பிறகு அந்த முடிவைப் பற்றி விசாரிக்கிற இடத்தில் அமைச்சர் இருந்திருப்பார். ஆனால் அவர் அங்கே நின்றார், எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டை எரிய விடுங்கள், அயல் வீடுகளுக்குப் பரவாமல் ஆயத்தமாக நில்லுங்கள் என்று உள்துறை அமைச்சர் என்ற அதிகாரத்தோடு சொன்னார். அன்றே பிரதமர் அஸ்குவித்துக்கு எழுதிய கடிதத்திலும், அந்தப் பொல்லாதவர்களை மீட்கப் போய் நல்ல பிரித்தானிய உயிர்களைச் செலவழிப்பதைவிட வீட்டை எரிய விடுவது மேல் என்று நினைத்ததாகச் சொல்கிறார்.

அந்தக் கட்டளை நியாயமா? தந்திரோபாயமாகப் பார்த்தால் நியாயம்தான். இரண்டு மாடி யன்னலில் இருந்து மோசர் சுடுகிற வாசலில் தண்ணீர்க் குழாயோடு நிற்க எவரையும் கேட்க முடியாது. என் மறுப்பு அந்த முடிவில் இல்லை, அது எவர் வாயில் இருந்து வந்தது என்பதில். உள்ளே இருந்தவர்கள் இன்னும் விசாரிக்கப்படாதவர்கள். அவர்களின் சாவு பற்றி மரண விசாரணை நடக்கும், பாராளுமன்றத்தில் கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டிய அமைச்சரே கட்டளை போட்டவராகவும் இருந்தால் கேள்வி எங்கே போய் நிற்கும்? தலைநகரப் பொலிசுக்கு 1829 தொடக்கம் 2000 வரை உள்துறை அமைச்சரே நேரடி மேலதிகாரம். ஆகவே அவருக்கு அதிகாரமே இல்லை என்று ஒருவரும் வாதாட முடியாது. சிக்கலும் அங்கேதான். அதிகாரம் உள்ளவர் களத்தில் சும்மா நிற்க முடியாது. அவர் தலையாட்டினால் அனுமதி, பேசாமல் நின்றாலும் அனுமதி.

இதை யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வராது. 1981 ஜூன் தொடக்கத்தில் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது கொழும்பு அரசாங்கத்தின் இரண்டு அமைச்சர்கள் இந்த ஊரில் தங்கியிருந்தார்கள். இரண்டு நிகழ்வும் ஒன்றல்ல. சிட்னி வீதியில் எரிந்த வீட்டுக்குள் மூன்று பொலிசாரின் கொலைக்குத் தேடப்பட்டவர்கள் ஆயுதத்தோடு இருந்தார்கள். இங்கே 97,000 நூல்கள் இருந்தன. ஆனால் அமைச்சர் ஊரில் நின்றார் என்ற உடனேயே எழும்புகிற கேள்வி ஒன்றுதான். நாற்பது வருடம் கழிந்தும் அதை நாங்கள் கேட்கிறோம். சேர்ச்சில் அன்று வாய்திறந்து சொன்னதையும், பிறகு அதை எழுதி ஒப்புக்கொண்டதையும் அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

பீரங்கிகளும் வந்தன. குதிரைகள் இழுத்துவந்த அவற்றுக்கு வேலை இருக்கவில்லை. இரண்டு பேருக்கு எதிராகப் பீரங்கி என்ற ஏளனம் மட்டும் மறுநாள் மிஞ்சியது. அதைத் தான் கூப்பிடவில்லை, பொலிசின் ஏற்பாட்டில் தலையிடவும் இல்லை என்று சேர்ச்சில் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தீயணைப்புத் தகராறில் தானே தலையிட்டுக் கட்டளை கொடுத்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியதோடு அந்தக் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தி வராது.

2.30 அளவில் உள்ளே இருந்து சூடு நின்றது. ஒரு துப்பறிவாளர் போய்க் கதவைத் தள்ளித் திறந்தார். தீயணைப்பாளர்கள் உள்ளே போனார்கள். அன்றைய நாளில் இன்னொரு உயிரைக் கொண்டுபோன இடம் இதுதான். மணிக்கணக்காகத் தீயில் வெந்து, தளத்தின் பிடி போன செங்கற்சுவர் தண்ணீர் படப்பட இன்னும் தளரும். அப்படி ஒரு சுவர் இடிந்து ஐந்து தீயணைப்பாளர்களை மூடியது. மேற்பார்வையாளர் சார்ள்ஸ் பியர்சனின் முள்ளந்தண்டு நொருங்கியது. ஆறு மாதம் கிடந்து இறந்தார். எரிய விட்ட வீடு பிறகு ஆபத்தில்லாத வீடு ஆகிவிடாது. எரிந்து முடிந்த வீட்டுக்குள் போவதும் ஆபத்துத்தான். இடிபாட்டில் இரண்டு உடல்கள் கிடைத்தன. சோகோலோவ் சூட்டில் செத்தவன், ஸ்வார்ஸ் புகையில் மூச்சடைத்துச் செத்தவன்.

படப்பிடிப்பாளர்கள் காலை முதல் அங்கே இருந்தார்கள். அன்றிரவே லண்டன் திரையரங்குகளில் படச்சுருள் ஓடியது. நடக்கிற செய்தியைக் கமராவில் பிடித்த மிக ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று. சேர்ச்சில் திரையில் வந்தபோது சனம் கூச்சலிட்டது. பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பல்போர் கேட்டது இன்னும் ஆழமாகக் குத்தியது: சூட்டு வலயத்துக்குள் படப்பிடிப்பாளரும் அமைச்சரும் தங்கள் பெறுமதியான உயிரைப் பணயம் வைத்து நின்றார்கள், படப்பிடிப்பாளர் அங்கே என்ன செய்தார் என்று விளங்குகிறது, மதிப்புக்குரிய கனவான் என்ன செய்தார்? 1932இல் வெளிவந்த தன் கட்டுரைத் தொகுப்பில் சேர்ச்சிலே இதை ஒத்துக்கொள்கிறார். அலுவலகத்தில் இருந்திருந்தால் நல்லது. ஆனால் இவ்வளவு நிச்சயமில்லாத நிலையில் காரில் ஏறிப் போக முடியவில்லை, விசயமும் மிகச் சுவாரசியமாக இருந்தது என்கிறார். அந்தக் கடைசிக் காரணம் நேர்மையானது. அதனாலேயே பயமூட்டுவது.

விளைவுகளில் ஒன்றுதான் உடனே கைகூடியது. தலைநகரப் பொலிஸ் 1911இலேயே பழைய றிவோல்வர்களை விட்டு .32 வெப்லி அன்ட் ஸ்கொட் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறியது. சிற்றிப் பகுதிக்குத் தனியாக இருந்த சிற்றிப் பொலிஸ் அடுத்த வருடம் மாறியது. மற்றவை சறுக்கின. 1911இல் சேர்ச்சில் கொண்டுவந்த கடுமையான வெளிநாட்டவர் சட்டமூலம் சட்டமாகவில்லை. ஹவுண்ட்ஸ்டிச் வழக்கில் மே மாதம் ஆண்கள் எல்லோரும் விடுதலையானார்கள். நினா வசிலியேவா என்ற பெண்ணுக்கு மட்டும் கிடைத்த இரண்டு வருடத் தண்டனையும் மேன்முறையீட்டில் ரத்தானது. விடுதலையானவர்களில் ஒருவரான யாக்கோப் பீற்றர்ஸ் சில வருடம் கழித்துச் சோவியத் இரகசியப் பொலிசான சேக்காவின் துணைத் தலைவரானார். பெயின்ரர் பீற்றர் என்ற பட்டப்பெயரில் இந்தக் கூட்டத்தோடு சேர்த்துத் தேடப்பட்ட ஆள் பிடிபடவே இல்லை.

லண்டனுக்குப் போகிறவர்கள் பார்க்க விரும்பினால்: ஈஸ்ற்ஹாமில் டிஸ்ரிக்ட் லைன் ரெயில் ஏறினால் வைற்சப்பலில் இறங்கலாம். வைற்சப்பல் வீதியால் கிழக்கே நடந்தால் வலப்பக்கம் தெற்கே திரும்புவது சிட்னி வீதி. பழைய வீடுகள் இல்லை. பியர்சனுக்கு 2011இல் வைத்த நினைவுப் பலகை உண்டு. பீற்றர் ஹவுஸ், பெயின்ரர் ஹவுஸ் என்று 2008இல் பெயரிட்ட இரண்டு மாடிக்கட்டடங்களும் உண்டு. ஹவுண்ட்ஸ்டிச் மேற்கே, ஆல்ட்கேற் நிலையத்துக்குக் கிட்ட. மூன்று பொலிசாருக்கும் 2010 டிசம்பரில் நினைவுப் பலகை வைத்தது அங்கேதான்.